மட்சுமோட்டோவின் பழைய கைச்சிப் பள்ளி: புதுச்சேரியிலிருந்து போகிறவர்களுக்கு

ஜப்பான் போகிற நம் ஊர்க்காரர்கள் பலரும் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று முடித்துக்கொள்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர்களைப் பார்த்து வளர்ந்த புதுச்சேரிக் கண்ணுக்கு, நாகானோ மாநிலத்து மட்சுமோட்டோவில் உள்ள பழைய கைச்சிப் பள்ளிக்கு ஒரு நாளே ஒதுக்கலாம். 1876-இல் கட்டியது. 1963 வரை பிள்ளைகள் படித்தார்கள். பிறகு கட்டடத்தைப் பிரித்துக் கொண்டுவந்து இப்போதைய இடத்தில் நிறுத்தி, கல்வி அருங்காட்சியகம் ஆக்கினார்கள். 2019-இல் தேசியச் செல்வமாக அறிவித்தார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி வலுப்படுத்த 2021-இல் மூடி, 2024 நவம்பரில் திறந்தார்கள். பழைய பயணக் குறிப்பில் 'மூடியிருக்கிறது' என்று இருந்தால் அது இந்த இடைவெளியில் எழுதியது.

விசா விஷயத்தில் புதுச்சேரி, சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து 'அசுசா' விரைவு ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அதே தடத்தில் ஓடும் 'கைஜி' ரயிலில் ஏறிவிடாதீர்கள். அது வழியிலுள்ள கோஃபு நகரப் பக்கமே நின்றுவிடும், மட்சுமோட்டோ வராது. அசுசாவில் பயணச்சீட்டு தனி, விரைவு ரயில் சீட்டு தனி, இரண்டும் வேண்டும். இருக்கைக்கு மேலே சிவப்பு விளக்கு என்றால் அந்த இடம் காலி, பச்சை என்றால் யாரோ பதிவு செய்தது. செலவைக் குறைக்க நினைத்தால் ஷின்ஜுகுவிலிருந்து நெடுஞ்சாலைப் பேருந்து உண்டு. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மட்சுமோட்டோ நிலையத்திலிருந்து நடந்தால் அரை மணிக்குள் போய்விடலாம். பக்கத்திலேயே அதே பெயரில் இன்றும் நடக்கும் கைச்சி ஆரம்பப் பள்ளி இருக்கிறது. வரைபடம் அங்கே கொண்டுபோய் விட்டால் உள்ளே நுழையவோ, பிள்ளைகளைப் படம் எடுக்கவோ கூடாது. எண்கோணக் கோபுரம் தெரிகிற கட்டடமே நீங்கள் தேடுவது. காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5-க்கு மூடுவார்கள், 4.30-க்குள் உள்ளே போயாக வேண்டும். திங்கட்கிழமைகளையும் ஆண்டுக் கடைசியையும் தவிர்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

உள்ளே ஓட அவசரப்படாதீர்கள். இந்தக் கட்டடத்தின் பாதி அழகு வெளியேதான். தாதெஇஷி செய்ஜு என்ற உள்ளூர்த் தச்சு மேஸ்திரி டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் போய் மேல்நாட்டுக் கட்டடங்களைப் பார்த்து வரைந்துகொண்டு வந்து, தனக்குத் தெரிந்த மரவேலையில் இதை எழுப்பினார். வாசல் முகப்பை மேலிருந்து கீழாகப் பாருங்கள்: உச்சியில் கோபுரம், அதன் கீழே ஜப்பானியக் கோயில் பாணியில் வளைந்த கூரை, அதனடியில் பள்ளிப் பெயர்ப் பட்டையைப் பிடித்திருக்கும் இரண்டு தேவதைக் குழந்தைகள், பால்கனியில் மேகம், அதற்கும் கீழே டிராகன். தேவதைகள் அக்கால டோக்கியோ செய்தித்தாள் படமொன்றின் தலைப்பிலிருந்து வந்தவை.

அடுத்து மூலைகளுக்குப் போங்கள். அடுக்கிய கல்போலத் தெரிவது கல் அல்ல, சாந்து. நம்மூர்ச் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ந்த மாதிரி, அவர்கள் நீற்றுச் சுண்ணாம்பில் கடற்பாசிப் பசையும் சணல் நாரும் சேர்ப்பார்கள்; பசை பூச்சு சீக்கிரம் காயாமல் பார்த்துக்கொள்ளும், நார் வெடிப்பைத் தடுக்கும். கை வைத்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம், விரல் எண்ணெய் கறையாகும்.

உள்ளே கதவுகளை நின்று கவனியுங்கள். கலைக்கப்பட்ட பௌத்தக் கோயில் ஒன்றின் மரங்கள் இந்தப் பள்ளிக்குப் பயன்பட்டிருக்கின்றன. கட்டடச் செலவில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை ஊர் மக்களே கொடுத்தார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு வகுப்பறைகளைச் சுற்றினால், பழைய மேசையும் பாடப்புத்தகமும் வெறும் காட்சிப் பொருளாகத் தெரியாது. ஒன்றரை மணி நேரம் வையுங்கள். இப்படிப்பட்ட மரத்தளக் கட்டடங்களில் காலணி கழற்றச் சொல்வது வழக்கம் என்பதால், செருப்போடு வருகிறவர்கள் ஒரு ஜோடி காலுறை கொண்டுவரவும். ஊர் கடல் மட்டத்திலிருந்து 590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்.

பக்கத்திலேயே பழைய பாதிரியார் இல்லம். 1889-இல் கிளெமான் என்ற பிரெஞ்சுக் குருவானவர் கட்டியது, பின்னாளில் இங்கே நகர்த்தப்பட்டது. நம் மிஷன் வீதியில் நெடுங்காலம் பணி செய்த பாரிஸ் அந்நிய வேதபோதக சபைதான் அந்நாளில் ஜப்பானுக்கும் குருக்களை அனுப்பியது. இதைத் தவறவிடக் கூடாது.

மதியத்துக்கு இந்த வட்டாரத்தின் சோபா (பக்வீட் மாவு) நூடுல்ஸ் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: குழம்பிலும் தொட்டுக்கொள்ளும் சாறிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும்.

மட்சுமோட்டோ கோட்டையையும் அன்றே பார்ப்பதானால் அதை முதலில் வையுங்கள். அது 8.30-க்கே திறக்கும், நேரம் போகப் போக வரிசை நீளும். உள்ளே மரப்படிகள் சில இடங்களில் 61 டிகிரி சாய்வு. முழங்கால் வலிக்காரர்கள் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நேரே பள்ளிக்கு வந்துவிடலாம், சேலை கட்டியவர்கள் ஏறும்போது கொசுவத்தைச் செருகிக்கொள்ளவும்.