காப்பிப் பழத்தோலை ஓடையில் விடாதீர்கள்

ஏற்காட்டில் காப்பிப் பழத்தைத் தோல் உரிக்கும் இயந்திரமான பல்பரில் போட்டால், எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் தோலாகத்தான் வெளியே வரும். பல வருடம் நானும் அதை ஓடை ஓரமாகக் கொட்டியவன்தான். ஒரு தை மாதம் தண்ணீர் பழுப்பாகிப் புளித்த வாடை அடித்தது, என் மாடே அதில் வாய் வைக்கவில்லை. தோலில் உள்ள சர்க்கரை புளிக்கும்போது தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீனும் தவளையும் எப்படிப் பிழைக்கும்?

சரி, தோலை மக்க வைத்து உரமாக்கலாம். செய்ய வேண்டியது இதுதான். ஓடையை விட்டுத் தள்ளி, மேடான இடம் பாருங்கள். தோலை ஒரு நாள் வடிய விடுங்கள். அடியில் ஒரு சாண் சருகு, மேலே ஒரு சாண் தோல், அதன்மேல் சாணிக் கரைசல். இப்படியே இடுப்பு உயரம் வரை அடுக்குங்கள். சில்வர் ஓக் சருகு மக்க நாளாகும். கல்யாண முருங்கைத் தழையைக் கலந்தால் சீக்கிரம் மக்கும். மழைக்கு மேலே ஓலை போடுங்கள்.

நாலாம் நாள் கடப்பாரையைக் குவியலுக்குள் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் வேலை நடக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறுங்கள். அழுகல் நாற்றம் வந்தால் உள்ளே காற்று போகவில்லை, சருகு சேருங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும்.

நாலைந்து மாதத்தில் கறுத்து, மண்வாசம் வரும். அப்புறம் செடிக்குப் போடலாம். பழம் கழுவிய தண்ணீரையும் ஓடைக்கு விடாதீர்கள். தனிக் குழியில் தேக்கிச் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறையுங்கள்.