கண்ணை மூடச் சொல்லும் முன்

பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன வாரம், நான் வடிவமைப்பு பார்த்துவந்த தியானச் செயலியை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். போனில் எழுத்தளவை முழுசாகக் கூட்டி வைத்திருந்தார். 'தொடங்கவும்' என்ற பொத்தான் 'தொட…' என்று வெட்டுப்பட்டு நின்றது. "தொடச் சொல்லுது, தொட்டுக்கிட்டேதான் இருக்கேன், ஒண்ணும் வரலையேடி" என்றார். எழுத்து பெருத்ததில் பொத்தானின் படம் கீழே இறங்கியிருந்தது. விரலை உணரும் பகுதி மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

நாங்கள் அந்தச் செயலியைச் செய்தது ஒரே ஓர் ஆளை மனதில் வைத்து. அவருக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை உண்டு, காதில் ஹெட்போன் உண்டு, கையில் இருபது நிமிஷம் உண்டு. பெரியம்மாவுக்கு நேரம் இருந்தது, மற்ற இரண்டும் இல்லை. திருத்தி அமைக்க மூன்று மாதம் ஆனது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைப் போய்ப் பாருங்கள். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று, பயன்படுத்த எளிதான வடிவமைப்பை ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியதை எல்லோரும் சொல்வார்கள். பயனர்கள் ஒருவருக்கொருவர் ரொம்ப மாறுபட்டால் ஒவ்வொரு வகையிலும் தனியாகச் சிலரைச் சோதிக்க வேண்டும் என்றும் அவரே எழுதியிருக்கிறார், அதை விட்டுவிடுகிறார்கள். போகிற இடத்தில் "என்ன வசதி வேணும்?" என்று கேட்காதீர்கள். "கடைசியா எப்போ திறந்தீங்க, அப்போ எங்கே இருந்தீங்க?" என்று கேளுங்கள்.

அல்சூர் மெட்ரோ பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் ஓர் அண்ணன் சொன்னார்: "கண்ணை மூடுன்னு சொல்லுதும்மா. மூடினா சவாரி அடுத்த வண்டிக்குப் போயிடும்." அவர் பெங்களூரிலேயே பிறந்தவர். வீட்டில் தமிழ், படித்தது கன்னடப் பள்ளியில். தமிழ்க் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. திரையில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் போனை என்னிடமே நீட்டிவிட்டார். எங்கள் செயலியில் மொழிக்கு ஒரே ஒரு தேர்வுதான் இருந்தது. கேட்கும் மொழி, படிக்கும் மொழி என்று இரண்டாகப் பிரியுங்கள். இந்த ஊரில் இதைவிட அவசியமான திருத்தம் வேறில்லை என்பேன்.

எங்கள் தெருவில் ஒரு நர்ஸ் தங்கை இருக்கிறாள். நைட் டியூட்டி முடிந்து காலை எட்டு மணிக்குப் படுக்குமுன் தியானம் செய்வாள். ஒருநாள் ஆறு மணிக்கே வார்டில் செய்துவிட்டாள். மறுநாள் அசந்து தூங்கி, நள்ளிரவு தாண்டித்தான் செய்தாள். அவள் கணக்கில் விட்ட நாளே இல்லை. விடாமல் செய்த நாட்களை எண்ணிவந்த செயலியோ 'உங்கள் தொடர் முறிந்தது' என்று சிவப்பில் காட்டியது. மன அமைதிக்காக வந்தவளை இப்படிக் குற்றவாளி ஆக்கலாமா? தொடர் கணக்கையே எடுத்துவிட்டோம். இந்த மாதம் எத்தனை தடவை உட்கார்ந்தார் என்பது மட்டும் போதும்.

அப்புறம் முதல் திரை. வயசு, பாலினம், லட்சியம் எதுவும் கேட்காதீர்கள். எத்தனை நிமிஷம் இருக்கிறது, கண்ணை மூட முடியுமா, சத்தம் வைக்க முடியுமா, இந்த மூன்று கேள்வி போதும். மூன்று நிமிஷம் என்றால் நீளமான பாடத்தை நறுக்கிக் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் ஜான் கபட்-ஸின் என்பவர் மன அழுத்தம் குறைக்க 1979இல் தொடங்கிய தியானப் பயிற்சியில் உடல் முழுவதையும் கவனித்து வருவதற்கே முக்கால் மணி நேரம். அதை மூன்று நிமிஷத்தில் ஓட்டினால் மூச்சு வாங்கும். பாதமும் உள்ளங்கையும் மட்டும் கவனிக்கிற மாதிரி புதிதாக எழுதிப் பதிவு செய்யுங்கள். மொழிபெயர்ப்புத் தமிழும் வேண்டாம். 'சுவாசத்தின் மீது கவனத்தைச் செலுத்தவும்' என்பதை 'மூச்சு உள்ளே போறதைப் பாருங்க' என்று மாற்றியதும் பெரியம்மாவின் தோள் தானாகத் தளர்ந்ததை நேரில் பார்த்தேன்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் வெளிச்ச மாறுபாடு வேண்டும். தியானச் செயலிகளுக்குப் பிரியமான வெளிர் ஊதாவில் சாம்பல் எழுத்து இதில் தேறாது. பொத்தான் ஆண்ட்ராய்டில் குறைந்தது 48 டிபி (எந்தத் திரையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரியும் அலகு). எழுத்தை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். தமிழில் வரி இடைவெளி போதாவிட்டால் 'கி', 'கீ' மேல்சுழி வெட்டுப்படும். காது கேளாதவர்களுக்கு எழுத்து வரிகளும், மூச்சுக்கு மெல்லிய அதிர்வும் வையுங்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் நேரக் காட்டி ஒவ்வொரு நொடியையும் உரக்கப் படித்து, வழிநடத்தும் குரலையே அமுக்கியது. அதை வாயடைக்க ஒரு மதியம்கூட ஆகவில்லை.

பாதுகாப்பில் சமரசமே வேண்டாம். மூச்சை அடக்கும் பயிற்சி கர்ப்பிணிகளுக்கும் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கும் ஏற்றதில்லை என்பதைத் தொடங்கும் முன்பே குரலில் சொல்லுங்கள். கண்ணை மூடினால் பழைய பயம் கிளம்புகிறவர்களும் உண்டு. 'கண் திறந்தே இருக்கலாம்' என்ற வரியும், நிறுத்தும் பொத்தானும் எப்போதும் கண்ணுக்குத் தெரியட்டும். நிறுத்தியதும் வரும் திரையில் மனநல உதவிக்கான டெலி-மானஸ் எண் 14416 இருக்கட்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை அது. நம் ஊர் மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை மையம். இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

முடித்ததும் ஆபீஸில் சோதிக்காதீர்கள். அதே ஆட்களிடம், அதே இடத்துக்குப் போங்கள். ஸ்டாண்டில் அந்த அண்ணன் இரண்டாவது நிமிஷத்தில் இருந்தபோது ஒருவர் "இந்திராநகர்?" என்று கேட்டு ஏறிவிட்டார். அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அன்று சாயங்காலம் திறந்தபோது, விட்ட இடத்திலிருந்தே குரல் வந்தது.