கம்பி டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே தப்பாகிறது?

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பார்கள். மதகு, சிறுபாலம், வாய்க்கால் சுவர் வேலையெல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும் என்பதால், டெல்டாவில் கோடையில்தான் லேப்களில் கம்பி குவிகிறது. ரிப்போர்ட் ஃபெயில் என்று வந்தால் கடைக்காரர் மெஷினைச் சொல்வார், என்ஜினியர் கம்பியைச் சொல்வார். பெரும்பாலும் கம்பியை இழுத்துச் சோதிக்கும் மெஷினான யூடிஎம்மின் ஸ்விட்சைப் போடும் முன்பே கோளாறு நடந்து முடிந்திருக்கும்.

முதல் தவறு கம்பியின் வெட்டுமுகப் பரப்பளவில். சுமையை அந்தப் பரப்பால் வகுத்துத்தான் வலிமையைச் சொல்கிறோம். முறுக்குக் கம்பியின் வரிகளுக்கு மேல் வெர்னியரை வைத்து அளக்கவே கூடாது. 12 மிமீ கம்பி 13 மிமீ காட்டும். கம்பியை எடை போட்டுத்தான் பரப்பைக் கணக்கிட வேண்டும்: எடையை (கிலோ), நீளம் (மீட்டர்) பெருக்கல் 0.00785-ஆல் வகுத்தால் ச.மிமீ கிடைக்கும். 500 மிமீ துண்டு 426 கிராம் இருக்கிறது, ஈல்டு (கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பாதபடி நீளத் தொடங்கும் நிலை) 56 கிலோநியூட்டனில் வருகிறது என்று வையுங்கள். பரப்பு 108.5 ச.மிமீ, ஈல்டு 516 நியூட்டன்/ச.மிமீ, ஈல்டு குறைந்தது 500 இருக்க வேண்டிய எஃப்ஈ 500டி ரகக் கம்பி பாஸ். '12 மிமீதானே' என்று 113.1-ஆல் வகுத்தால் 495, ஃபெயில். வெர்னியர் காட்டிய 13 மிமீயை நம்பினால் 422! கம்பி ஒன்று, விடை மூன்று. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் கிடந்த கம்பி என்றால், உதிரும் துருவை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு எடை போடுங்கள். துருவின் எடையும் சேர்ந்தால் பரப்பு கூடி, ஈல்டு குறைந்து தெரியும்.

அடுத்தது லேத். 25 மிமீ கம்பி ஜாவுக்குள் (மெஷினின் பிடிக்குள்) போகவில்லை என்று கடைந்து மெலிதாக்கித் தருகிறவர்கள் உண்டு. டிஎம்டி கம்பியைச் சூடாக உருட்டிய கையோடு தண்ணீரில் குளிர்விப்பதால், வெளி வளையம் கடினமாகவும் உள்ளே மிருதுவாகவும் இருக்கும். வளையத்தைச் சீவினால் மிஞ்சுவது மிருதுவான நடுப்பகுதி. நல்ல கம்பியும் தேறாது. பிளேட், வார்ப்பு இவற்றைக் கடைந்து சோதிக்கலாம், டிஎம்டியை வந்தபடியே இழுக்க வேண்டும். வண்டியில் ஏற்ற மடக்கிய வளைவிலிருந்து துண்டு எடுத்துச் சுத்தியலால் நிமிர்த்துவதும், கேஸ் கட்டரால் வெட்டுவதும் இதே வகைதான். நேரான பகுதியில் ஆக்ஸா பிளேடால் அறுங்கள்.

வேகம். ஈல்டு வரும்வரை அழுத்தம் வினாடிக்கு 6 முதல் 60 நியூட்டன்/ச.மிமீ ஏறலாம், 12 மிமீ கம்பிக்கு அது சுமார் 0.7 முதல் 6.8 கிலோநியூட்டன். வரிசை நீளமாக இருக்கிறதென்று வால்வை முழுக்கத் திறந்தால் ஈல்டு கூடுதலாகக் காட்டும், மட்டமான கம்பியும் தப்பிவிடும். பழைய டயல் மெஷினில் ரேஞ்சும் முக்கியம். 8 மிமீ கம்பி ஈல்டு ஆவதே 25 கிலோநியூட்டன் அளவில்தான். 1000 கிலோநியூட்டன் ரேஞ்சில் வைத்து 2 கிலோநியூட்டன் பிசகிப் படித்தால் விடை 40 நியூட்டன்/ச.மிமீ மாறிவிடும்.

நீட்சியை அளக்கக் கம்பியில் குறிக்கும் கேஜ் நீளம் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு: 12-க்கு 60, 16-க்கு 80 மிமீ. எல்லாக் கம்பிக்கும் 200 மிமீ குறித்தால் அறும் இடத்தில் மெலியும் கழுத்துப் பகுதியின் நீட்சி கரைந்து சதவீதம் குறையும். எங்கே அறும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே துண்டு முழுவதும் 10 மிமீக்கு ஒரு கோடு போடுங்கள். பஞ்ச்சை ஆழமாக அடித்தால் அங்கேயே அறுந்துவிடும். ஜாவை ஒட்டி அறுந்து நீட்சியும் குறைந்திருந்தால், வேறு துண்டில் மறுபடி செய்ய வேண்டும். மெஷின் தலை நகர்ந்த தூரத்தை நீட்சியாக எழுதுவது சுத்தத் தவறு. ஜாவில் வழுக்கியதும் அதில் சேர்ந்திருக்கும்.

ரிப்போர்ட் வந்ததும் ஈல்டை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எஃப்ஈ 500டி-க்கு ஈல்டு 500, இழுவலிமை (அறும் முன் தாங்கும் உச்ச அழுத்தம்) 565, நீட்சி 16% குறைந்தபட்சம். இவற்றோடு, இழுவலிமை ஈல்டைப் போல 1.10 மடங்காவது இருக்க வேண்டும். ஈல்டு 590, இழுவலிமை 635 என்றால் இரண்டும் எல்லையைத் தாண்டியவைதான், விகிதம் 1.08 என்பதால் அந்தக் கம்பி தேறாது.