திருமணத்தோடு முடிகிற கதையை எப்படிப் படிப்பது

தேவதைக் கதைகளில் பெண்ணும் மணவாழ்வும் எவ்வாறு காட்டப்படுகின்றன என்று பார்க்க விரும்புகிறவர், பத்துக் கதைகளை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட, ஒரே கதையை எடுத்துக்கொண்டு அதில் திருமணம் எந்த இடத்தில் நடக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்வது நல்லது. மற்றக் கேள்விகள் அதற்குப் பிறகு வரட்டும்.

சாபத்தால் உறங்கிப்போகும் இளவரசியான தூங்கும் அழகியின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியக் கதைத் தொகுப்பாளர்களான கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பில், இளவரசன் முத்தமிட்டதும் அவள் கண் விழிக்கிறாள்; திருமணம் நடக்கிறது; கதையும் முடிகிறது. அதற்கு நூறாண்டுக்கும் முன்பே, 1697இல், பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ வெளியிட்ட வடிவத்திலோ திருமணம் பாதி வழியிலேயே வந்துவிடுகிறது. கணவன் போருக்குப் போகிறான். மனைவியும் இரண்டு குழந்தைகளும் மாமியாரின் பொறுப்பில் விடப்படுகிறார்கள். அரக்கர் குலத்தில் பிறந்த அந்த மாமியார் முதலில் பேத்தியையும், பிறகு பேரனையும், கடைசியில் மருமகளையும் சமைத்துத் தரும்படி சமையற்காரனுக்கு உத்தரவிடுகிறாள். அவன் ஆட்டுக்குட்டியையும் மானையும் சமைத்து வைத்துவிட்டு, மூவரையும் ஒளித்துக் காப்பாற்றுகிறான். மணமான பெண்ணின் அச்சம் எது என்று அறிய இந்தப் பிற்பாதிதான் உதவும். குழந்தைகளுக்கான பதிப்புகளில் பெரும்பாலும் வெட்டப்படுவதும் இதுவேதான்.

பள்ளிக்கூடத்தில் கேட்ட கிரிம் வடிவத்தை, காரைக்குடி வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், கொட்டான் என்ற ஓலைக்கூடை முடைந்துகொண்டிருந்த அப்பத்தாவிடம் ஒருமுறை சொன்னேன். ஓலையை மடித்த கை நிற்காமலே, "கல்யாணம் ஆச்சு, சரி. மாப்பிள்ளை எப்போ கொண்டுவிக்கப் போனான்?" என்று கேட்டார். ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறி, மூன்றாண்டுக் கணக்கை முடித்துத் திரும்பும் வரை, பெண்கள் மாமியாரோடும் ஓரகத்திகளோடும் ஒரே வளவில் நாள்களைக் கழித்த ஊரில் அது இயல்பான கேள்விதான். மணமான மகனை வேறுவைத்து, அதாவது குடித்தனம் பிரித்து, தனி அடுப்பு கொடுத்தாலும் கூரை ஒன்றே அல்லவா?

அடுத்து, பென்சிலை எடுத்து நாயகி பேசும் வாக்கியங்களின் கீழ் மட்டும் கோடிடுங்கள். பெரோவின் கதையில் முத்தமே இல்லை. சாபத்தின் காலம் முடிந்து தானாக விழிக்கும் அவள்தான் முதலில் வாய் திறக்கிறாள், இவ்வளவு நேரம் காக்கவைத்துவிட்டானே என்பது போல. பிறகு இருவரும் நான்கு மணி நேரம் பேசுகிறார்கள். தூங்குகிறவள் என்பதாலேயே அவளை ஊமையாக எண்ணிவிடக் கூடாது.

அவளுடைய சம்மதத்தை யார் கேட்டார்கள் என்பதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே நம்முடைய நாட்டுப்புறக் கதைப்பாடலான அல்லி அரசாணி மாலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மதுரையைத் தனியே ஆண்ட அல்லிக்கு, அவள் உறங்கும்போது அருச்சுனன் தாலி கட்டிவிடுகிறான். அவளது ஆட்சித் திறனை அவ்வளவு விரிவாகப் புகழ்ந்த கதை, இந்த இடத்தைச் சாமர்த்தியமாகக் கொண்டாடிக் கடந்துபோவது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. வீரச்செயல் செய்தவனுக்குப் பாதி நாட்டோடு மகளையும் சேர்த்துக் கொடுக்கும் அரசர்களின் கதைகளையும் இதே கேள்வியோடு படிக்கலாம்.

தீர்ப்புச் சொல்லுமுன் பதிப்பைச் சரிபார்ப்பது அவசியம். ஸ்னோ வைட்டைக் கொல்லத் துடிப்பவள் 1812 பதிப்பில் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் கிரிம் சகோதரர்கள் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். கொடுமைக்கார மாற்றாந்தாய் பழங்காலம் தொட்டு வரும் உருவம் என்று இந்தக் கதையை மட்டும் வைத்து எழுதினால், அந்தக் கட்டுரை முதல் கேள்வியிலேயே சரிந்துவிடும்.

கடைசியாக, திருமணத்தோடு முடிகிற கதை எதுவானாலும், அதன் அடுத்த ஆண்டை ஒரு பத்தியில் நீங்களே எழுதிப் பாருங்கள். அவளுக்கு எந்த அறை கிடைத்தது, அடுப்பு யாருடையது, சீராக வந்த பாத்திரங்கள் யார் பொறுப்பில் இருக்கின்றன, அவன் எங்கே போயிருக்கிறான் என்ற நான்குக்கும் விடை எழுதுங்கள். எந்த விடைக்குக் கதையில் ஒரு சொல்கூடத் துணை இல்லையோ, அந்த இடத்திலிருந்து உங்கள் கட்டுரையைத் தொடங்கலாம்.