போர் அடிக்குதா? ஆங்கிலத்தில் சரியாகச் சொல்லுங்கள்

வேலைக்கான நேர்காணல் ஒன்றில், ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். "வென் ஐ ஆம் போரிங், ஐ வாட்ச் மூவீஸ்" என்றேன். எதிரில் இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். 'நான் அறுவையாக இருக்கும்போது படம் பார்ப்பேன்' என்று சொல்லியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது!

சலிப்பு உங்களுக்கு என்றால் 'போர்ட்': "ஐ ஆம் போர்ட்." சலிப்பைத் தருவது எதுவோ அதற்குத்தான் 'போரிங்': "தி க்ளாஸ் இஸ் போரிங்." தமிழில் 'எனக்கு போர் அடிக்குது', 'படம் போர் அடிக்குது' என்று இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சந்தேகம் வந்தால் மனசுக்குள் தமிழில் போட்டுப் பாருங்கள். 'சலித்துப்போன' பொருந்தினால் போர்ட், 'சலிப்பூட்டும்' பொருந்தினால் போரிங். டயர்ட் - டயரிங், இன்ட்ரஸ்டட் - இன்ட்ரஸ்டிங் எல்லாம் இதே கதைதான்.

எதனால் சலிப்பு என்று சேர்த்துச் சொல்ல, "ஐ ஆம் போர்ட் வித் திஸ் கேம்." 'போர்ட் ஆஃப்' என்பதும் இப்போது பேச்சில் சகஜம். தேர்வுத்தாளில் மட்டும் 'வித்' போடுங்கள், வம்பில்லை.