தண்டனை நாளில் நன்னடத்தை ஆணை கேட்பது எப்படி

பெங்களூரு நிருபதுங்கா சாலை நீதிமன்றத்தில் ‘குற்றவாளி’ என்ற சொல் காதில் விழுந்ததும், ஸ்ரீராமபுரத்திலிருந்தும் அல்சூரிலிருந்தும் வந்த நம் தமிழ்க் குடும்பத்தார் பலர் எல்லாம் முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் தண்டனை குறித்த வாதம் நடக்கிறது. சிறைக்கு மாற்றான நன்னடத்தை ஆணையைக் (probation) கேட்க வேண்டிய இடமும் அதுதான்.

1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 4-ஆம் பிரிவின்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க இடமில்லாத குற்றமாயின், நீதிபதி உடனே தண்டிக்காமல், 3 ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்கலாம். 21 வயதுக்கு உட்பட்டவரெனில் 6-ஆம் பிரிவு இன்னும் வலுவானது: குற்றவாளியின் பின்னணியை விசாரித்து நீதிமன்றத்துக்கு எழுதும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெறாமலும், காரணத்தை எழுதி வைக்காமலும் அவரைச் சிறைக்கு அனுப்பக்கூடாது. குற்றம் நடந்த நாளின் வயது இங்கே கணக்கில்லை, தண்டனை விதிக்கும் நாளின் வயதே கணக்கு என்று உச்ச நீதிமன்றம் வெகுகாலம் முன்பே தீர்த்து வைத்துவிட்டதால், இருபதரை வயதுப் பையனுக்காக வாய்தா மேல் வாய்தா வாங்குவது அவன் தலையில் மண்ணைப் போடுவதாகும். போதைப்பொருள் வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கும், ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

நம்மவர்கள் இடறுவது முகவரியில்தான். குற்றவாளிக்கோ அவருக்கு ஜாமீன் நிற்பவருக்கோ அந்த நீதிமன்ற எல்லைக்குள், அல்லது பத்திரக் காலத்தில் குற்றவாளி வாழப்போகும் இடத்தில், நிலையான இருப்பிடமோ முறையான தொழிலோ உண்டென்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். ஆதார் கிருஷ்ணகிரி முகவரியிலும், லீசுக்கு எடுத்த வீட்டின் ஒப்பந்தம் மாமா பெயரிலும் இருந்தால், நீங்கள் இருபது வருடமாக அதே சந்தில் குடியிருந்தாலும் காகிதத்தில் நீங்கள் அங்கே இல்லை. ஆகவே ஒப்பந்தத்தின் நகல், மாமாவின் கையொப்பமிட்ட கடிதம், மின்கட்டண ரசீது ஆகியவற்றை முன்கூட்டியே வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள்.

அலுவலர் வீட்டுக்கு வரும்போது “நல்ல பையன் சார்” என்று அம்மா அழுவதால் அறிக்கை நிறையாது. வெல்டிங் பட்டறை முதலாளி, பையன் எந்த வருடம் சேர்ந்தான், எத்தனை மணிக்கு வருகிறான், வாரக்கூலி எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கும் நான்கு வரிக் கடிதம் பத்துச் சிபாரிசுகளுக்குச் சமம். விசாரணை கன்னடத்தில் நடக்குமாதலால், கன்னடம் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்; பழைய வழக்கு ஏதும் இருந்தால் மறைக்காதீர்கள்.

2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதன்படி ₹5,000-க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று சன்ஹிதாவில் சொல்லப்படாததால், கூலி கெடாதபடி ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யக்கூடிய ஒரு வேலையை உங்கள் வழக்கறிஞரே முன்மொழிவது நல்லது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் உள்ளவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

ஆணை கிடைத்த பிறகு, லீஸ் முடிந்து வீடு மாறுவதானால், சாமான் ஏற்றுவதற்கு முன்பே அலுவலரிடம் தெரிவித்துவிடுங்கள். பத்திரத்தின் நிபந்தனை மீறப்பட்டதென்று நீதிமன்றம் முடிவு செய்தால், நிறுத்தி வைத்த தண்டனையை அன்றே விதிக்கலாம்.