பிள்ளை பேசும் முன் நாம் பேசிவிடுவது: கலை வழி உணர்வுக் கல்வியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் வீட்டை வரைந்தாள். வாசலில் அம்மா, தம்பி, ஆட்டுக்குட்டி எல்லாம் பெரிது பெரிதாக இருந்தன. அப்பா மட்டும் தாளின் மேல்மூலையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. எனக்கு மனசு பதறிவிட்டது. வீட்டில் ஏதோ சரியில்லை, அப்பாவோடு ஒட்டுதல் இல்லை என்று உள்ளுக்குள்ளேயே ஒரு கதையை எழுதி முடித்துவிட்டேன். நல்லவேளையாக அதை வெளியே சொல்லாமல், "இந்த மூலையில என்ன நடக்குது?" என்று மட்டும் கேட்டேன். "அப்பா திருப்பூர்ல இருந்து வர்றாரு. இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குறாரு, அதான் சின்னதாத் தெரியுறாரு" என்றாள். அந்தப் படத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த இடமே அந்த மூலைதான்.

அரசுப் பள்ளிகளிலும் மாலை நேரப் படிப்பு மையங்களிலும் படம், பொம்மை, நாடகம் என்று பிள்ளைகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். தன் மனதில் ஓடுவதைத் தெரிந்துகொள்ளவும், அதை இன்னொருவரிடம் சொல்லவும், இன்னொருவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவும் கலையைப் போல உதவுவது வேறில்லை என்று நம்புகிறேன். ஆனால் நானும் என்னோடு இருந்தவர்களும் செய்த தவறுகளைத் திரும்பிப் பார்த்தால், பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பிள்ளைக்கு முன்னால் நாம் முந்திக்கொள்கிறோம்.

படத்துக்கு ஜோசியம் பார்ப்பது

கறுப்பு அடித்தால் சோகம், சிவப்பு அடித்தால் கோபம், வீட்டுக்குக் கதவு இல்லை என்றால் தனிமை என்று சிலர் சட்டென்று பலன் சொல்லிவிடுவார்கள். ஒரே ஒரு படத்தை வைத்து ஒரு பிள்ளையின் மனதைப் படித்துவிட முடியாது. வரைந்த பிள்ளை சொன்னால்தான் தெரியும். "ஏன் அப்பாவ இவ்வளவு சின்னதா வரைஞ்ச?" என்று கேட்டிருந்தால் அந்தச் சிறுமி தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து ரப்பரைத் தேடியிருப்பாள். "இதப் பத்திச் சொல்லேன்" என்பது போதும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். ஐந்தாறு விநாடி மௌனம் நமக்குத்தான் நெடுநேரமாகத் தெரிகிறது. பிள்ளைக்கு அது யோசிக்கும் நேரம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, "சூப்பர், அழகா இருக்கு" என்று பாராட்டுவது. யாருடைய படத்தைப் புகழ்கிறோமோ, அடுத்த வாரம் வகுப்பு முழுக்க அதே படம் வரும். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் ஒரு தென்னை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. மேடையே கிடைக்காமல் இருந்த எத்தனையோ பிள்ளைகள் அதில் ஏறியிருக்கிறார்கள், அது அவசியம் வேண்டும். ஆனால் போட்டிக்கான ஒத்திகை நேரத்தையும் மனதைப் பேசுவதற்கான நேரத்தையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. பரிசு உண்டு என்றால் பிள்ளை நடுவருக்குப் பிடித்ததைத்தான் வரையும்.

நான்கு முகம் போட்ட சார்ட்

சிரிக்கும் முகம், அழும் முகம், கோப முகம், பயந்த முகம். சுவரில் ஒட்டிவிட்டு, "இன்னிக்கு நீ எந்த முகம்?" என்று கேட்கிறோம். பிள்ளைகளிடம் இருக்கும் சொற்களோ அதைவிடப் பல மடங்கு. கடுப்பு, எரிச்சல், ஏக்கம், கூச்சம், மனத்தாங்கல், ஆதங்கம். அதற்கும் மேலே உடம்பிலிருந்தே பேசும் சொற்கள்: வயித்தக் கலக்குது, தொண்டை அடைக்குது, மூஞ்சி சுண்டிப்போச்சு, நெஞ்சு திக்குனு இருந்துச்சு. "ஒரு மாதிரி இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். எங்கே ஒரு மாதிரி இருக்கிறது, வயிற்றிலா தலையிலா என்று கேட்டு, ஆள் உருவம் வரைந்த தாளில் அந்த இடத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். சொல் பின்னாலேயே வரும்.

இந்த விஷயத்தில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எனக்குப் பெரிய துணை. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்வுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களையும் தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்படுவது, பறிகொடுப்பது, இருந்த நிலை கெடுவது, இல்லாமை. வெகுளிக்குச் சொல்லும் நான்கில் ஒன்று குடிகோள், அதாவது தன் குடியைச் சேர்ந்தவர்களுக்கு இழைக்கும் கேடு. எப்போதும் சண்டை போடுகிறான் என்று பெயர் வாங்கிய பையன் ஒருவனிடம் நாங்கள் பல வாரம் "கோபத்த அடக்கணும்" என்றே பாடம் நடத்தினோம். காரணத்தைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவன் அம்மாவின் வேலையைச் சொல்லிப் பசங்கள் கேலி செய்துகொண்டிருந்தார்கள். என்ன உணர்வு என்பதோடு நிறுத்தாமல், எதனால் வந்தது என்று கேட்கும் பழக்கம் நம் மொழியிலேயே இருக்கிறது. நாம்தான் அதை வகுப்புக்குள் கொண்டுவரவில்லை.

"உன் வாழ்க்கையில நடந்த சோகமான சம்பவம் சொல்லு"

எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து இப்படிக் கேட்பதைப் பல பயிற்சிகளில் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை அழும், பார்ப்பவர்கள் நெகிழ்ந்துபோவார்கள், நிகழ்ச்சி நன்றாக நடந்தது என்று எல்லோருக்கும் திருப்தி. மறுநாள் அந்தப் பிள்ளை அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும். அது சொன்ன விஷயத்தை விளையாட்டு மைதானத்தில் எவனாவது எடுத்து வீசுவான்.

கலை தரும் வசதியே நடுவில் ஒரு திரை இருப்பதுதான். பழைய காலுறையில் பொத்தானைக் கண்ணாகத் தைத்து ஒரு பொம்மை செய்து கையில் மாட்டிவிட்டால், பேசுவது பொம்மை. தெருக்கூத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் வந்து நிற்பார், கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் "யார் நீங்கள், என்ன காரியமாக வந்தீர்கள்?" என்று விசாரிப்பான். அதையே நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒரு பழைய வேட்டியை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, பின்னாலிருந்து பொம்மை எட்டிப் பார்க்கும், ஒரு பிள்ளை கட்டியங்காரனாக நின்று கேள்வி கேட்கும். வாரக்கணக்கில் வாயே திறக்காத ஒரு பெண், "நான் ஒரு ஆமை. கூப்ட்டா வரமாட்டேன். சத்தம் கொறஞ்சா வருவேன்" என்றாள். அவள் வீட்டைப் பற்றியா, வகுப்பைப் பற்றியா என்று நாங்கள் துருவவில்லை. சத்தத்தைக் குறைத்தோம், அவ்வளவுதான். "அப்ப அந்த ஆமை நீதானே?" என்று யாராவது கேட்டிருந்தால் திரை கிழிந்திருக்கும்.

நாடகத்தில் நடக்கும் மூன்று பிழைகள்

முதலாவது, யாருக்கு எந்த வேஷம் என்பது. வகுப்பில் அடி வாங்கும் பிள்ளைக்கே நாடகத்திலும் அடி வாங்கும் வேஷம் கொடுத்துவிடுகிறோம், "இயல்பா வரும்" என்று. அது அவமானத்தை இரண்டாவது முறை மேடையேற்றுவது.

இரண்டாவது, எல்லாவற்றையும் சுபமாக முடிப்பது. குடிக்கும் அப்பாவைப் பற்றிப் பிள்ளைகள் நாடகம் போட்டால் கடைசிக் காட்சியில் அப்பா கண்ணீர் விட்டுத் திருந்துவார். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கில் இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பிரச்சினை தீராமலே நாடகம் ஒரு முறை முடியும். மறுமுறை நடக்கும்போது பார்ப்பவர்கள் "நிறுத்து" என்று சொல்லி, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் தாங்களே ஏறி வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். ஒடுக்குபவர் திடீரென்று நல்லவராகிவிட்டால் அதை மாயாஜாலம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். அப்பா மாறாவிட்டாலும் நான் யாரிடம் போகலாம், என்ன சொல்லலாம் என்று தேடும்போதுதான் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு பையன் பக்கத்து வீட்டு அத்தையின் கதவைத் தட்டிப் பார்த்தான். வார்த்தை வரவில்லை. இன்னொருவன் ஏறி, "அத்த, இன்னிக்கு இங்க படிக்கட்டுமா?" என்று கேட்டான். அந்த ஒரு வாக்கியத்துக்கு இருபது நிமிடம் ஆனது. கடைசியில் வந்து "இதிலிருந்து நாம் கற்கும் நீதி" என்று பெரியவர் ஒருவர் ஆரம்பித்தால் அந்த இருபது நிமிடமும் போச்சு.

மூன்றாவது, வேஷம் கலைக்காமல் அனுப்புவது. கூத்துக் கலைஞர் அரிதாரத்தைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். அடித்தவனாக நடித்த பிள்ளையை மணி அடித்ததும் அப்படியே விரட்டிவிட்டால், வழியெல்லாம் "ஏ வில்லன்" என்ற கூப்பாடு கூடவே போகும். பத்து நிமிடம் முன்னதாகவே நாடகத்தை முடியுங்கள். முகம் கழுவச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் பெயரைச் சொல்லி, நேற்று இரவு என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லட்டும். சின்ன விஷயம்தான், ஆனால் பிள்ளை தன் பெயருக்குத் திரும்பிவிடும்.

கேட்கும் பயிற்சியை மறப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உரக்கப் பேச வைத்துவிட்டால் தொடர்புத்திறன் வந்துவிட்டது என்று நினைக்கிறோம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவர் அசைவை மற்றவர் செய்யும் கண்ணாடி விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். முந்துகிறவர் வேகத்தைக் குறைக்காவிட்டால் அது நடக்கவே நடக்காது.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்"

இந்த வாக்குறுதியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். படமோ பொம்மையோ பேசத் தொடங்கினால் சில சமயம் நாம் எதிர்பார்க்காத ஒன்றும் வெளியே வரும். "நீ சொல்றத எல்லார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா உதவி செய்யுறவங்ககிட்ட சொல்லுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று மூடி மறைப்பது குற்றம். அந்த நேரத்தில் துருவித் துருவிக் கேள்வி கேட்காதீர்கள், அந்தப் படத்தை மற்றவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டு 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள், கட்டணம் கிடையாது. பேசி முடித்ததும் பிள்ளையிடம் திரும்பி வந்து, யாரிடம் சொன்னீர்கள், அடுத்து என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள்.